இடது பக்கக் கண்ணாடிக்கு ஒரு மாலை

எங்க ஊரு தென்னேரிக்குப் பக்கம். காஞ்சிபுரத்துல பள்ளிக்கூடம் போவணும்னா காலையில ஒரே ஒரு டவுன் பஸ்தான். பழைய டப்பா. ஏறுனா தகரம் கடகடன்னு ஆடும், மழை பேஞ்சா உள்ள குடை புடிக்கணும். அதையெல்லாம் நான் மன்னிச்சிட்டேன். ஓட்டுனவரைத்தான் மன்னிக்கல.

எங்ககிட்ட இருந்தது இலவச பாஸ். காசு குடுக்காத கூட்டம்னு எங்களைக் கண்டாலே டிரைவருக்கு ஆவாது. ஸ்டாப்பிங்ல நிக்காம, அப்பால புளியமரத்தாண்ட போய் நிறுத்துவாரு. நாங்க பையைத் தூக்கிக்கினு ஓடுவோம். இடது பக்கக் கண்ணாடியில பாத்துக்கினே இருப்பாரு. கிட்ட போனதும் மெதுவா நவுத்துவாரு. மறுபடியும் ஓடுவோம். கண்ணாடியில அவரு சிரிக்கறது தெரியும். பொறுத்தார் பூமி ஆள்வார்னு எங்கம்மா சொல்லும். பூமி யாருக்கு வேணும்? பஸ் நின்னா போதாதா?

பன்னெண்டாவது கணக்குப் பரிட்சை அன்னிக்கும் அதே வெளையாட்டு. முன்னாடி ஓடுனதுங்க தொத்திக்கிச்சுங்க. நான் கம்பியைத் தொட்டேன், வண்டி போயிடுச்சு. அப்பா சைக்கிள்ல வெச்சு மூச்சு வாங்க மிதிச்சாரு. நாங்க போறதுக்குள்ள கேட்டை மூடிட்டாங்க. டீச்சர் ட்ரெய்னிங் சேர வேண்டிய வருஷம், வீட்டுல மாட்டுக்குத் தவிடு கரைச்சுக்கினு கெடந்தேன். ரோட்டுல அந்த பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

அப்புறம் பரிட்சை எழுதி, படிச்சு, எங்க ஊரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சரா வந்தேன். அவரு அப்பவும் அதே வண்டி, அதே புளியமரம். ஓடுனது மட்டும் என்கிட்ட படிச்சுட்டுப் போன பொண்ணுங்க.

ஒரு நாள் சேதி வந்துது. கதவு தானா மூடுற புது பஸ் வருதாம், பழசை ஓரங்கட்டறாங்களாம். கடைசி நாள் வண்டிக்கு வாழைக்கன்னு கட்டணும், பூசணிக்கா ஒடைக்கணும், டிரைவருக்கு மாலை போடணும்னு ஊருல முடிவாச்சு. "டீச்சர், மாலையை நீங்களே போட்டுடுங்க"ன்னாரு பஞ்சாயத்துத் தலைவர். அடடா, கும்புடப் போன சாமி குறுக்கால வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு!

அன்னிக்கு வண்டி ஸ்டாப்பிங்லயே நின்னுது. மேளம் அடிச்சா நிக்கத் தெரியுது பாருங்க. அவரு எறங்கி, கையைக் கூப்பி, தலையைக் குனிஞ்சுக்கினு வந்தாரு. கிட்ட வந்ததும் நான் மாலையோட நாலு எட்டு தள்ளிப் போயி நின்னேன். சிரிச்சுக்கினே வந்தாரு. மறுபடியும் நவுந்தேன். மூணாவது வாட்டி, "இரும்மா டீச்சர்!"னு காக்கி பேண்ட்டை இழுத்துக்கினு ஓடியே வந்தாரு. பொண்ணுங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. ஒருத்தி கொல்லுன்னு சிரிச்சா, அப்பால கூட்டமே சிரிச்சிடுச்சு. மேளம் நின்னுபோச்சு.

மூச்சு வாங்கிக்கினு கேட்டாரு, "நான் உனக்கு இன்னாம்மா பண்ணேன்?"

நெஜமாவே ஞாபகம் இல்ல மனுஷனுக்கு! என் ஒரு வருஷத்தைத் தின்னவருக்கு என் மூஞ்சி கூடத் தெரியல. நான் வண்டியாண்ட போயி, அந்த இடது பக்கக் கண்ணாடியில மாலையை மாட்டுனேன்.

"இதைக் கேளுங்கண்ணா, சொல்லும்."

கண்ணாடியையே பாத்துக்கினு நின்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்ல.

"பாவம் டீச்சர் அவரு, வயசானவரு"ன்னாரு தலைவர்.

"அவரு ஒரு நாள்தான ஓடுனாரு"ன்னு சொல்லிட்டு, பொண்ணுங்களை ஸ்டாப்பிங்லருந்தே பஸ் ஏத்துனேன்.