பிறை தெரியாத பெருநாள்

நான் சென்னையில் பி.ஏ. படித்தபோது பத்திரிகைத் தொழிலுக்கென்று எங்கள் கல்லூரியில் வகுப்பே கிடையாது. படிப்பு முடிந்ததும் ஒரு மாலைப் பத்திரிகையின் உதவியாசிரியரிடம் வேலை கேட்டேன். "ஆம்பூரிலிருந்து ஒரு வருஷம் செய்தி அனுப்பும். தப்பு வராவிட்டால் பார்க்கலாம்" என்றார். தோல் மண்டியில் குமாஸ்தாவாகப் போகச் சொன்ன அப்பாவிடம் அந்த ஒரு வருஷத்தைக் கெஞ்சி வாங்கினேன்.

பதினோராம் மாதம் ரம்ஜான் வந்தது. பத்திரிகை மத்தியானமே அச்சேறிவிடும். காலைத் தொழுகைச் செய்தி அன்றே வர வேண்டுமானால் முந்தின நாளே எழுதி ரயிலேற்ற வேண்டும். வெளியூர் நிருபர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். நானும் இருபத்தொன்பதாம் நோன்பன்று, "இன்று காலை ஆம்பூரில் பெருநாள் தொழுகை விமரிசையாக நடந்தது" என்று எழுதி, ஊரையே கட்டித் தழுவ வைத்து, பகல் வண்டியில் அனுப்பிவிட்டேன். மறுநாள் தோல் மண்டி முதலாளி மகன் வீட்டில் எனக்கு விருந்து. அவன் என் சிநேகிதன்.

சாயங்காலம் பிறை தெரியவில்லை. நாளைக்கும் நோன்புதான் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். சிநேகிதனிடம் ஓடினேன்.

"இன்னாடா பேஜாரு இது? ஊரே நோன்பு வெச்சிருக்கும்போது பெருநாள் முடிஞ்சிடுச்சின்னு போட்டா சிரிக்க மாட்டாங்களா?" என்றான்.

"என் வேலையும் போய்டும்டா."

"சரி, ஸ்டேஷனுக்கு வா."

சென்னையில் பெரியமேட்டில் இருந்த அவர்கள் மண்டி ஏஜெண்டுக்கு ஸ்டேஷனிலிருந்து தந்தி கொடுத்தான். காலையிலேயே பத்திரிகை ஆபீசுக்குப் போய் அந்தக் கவரை வாங்கிவிட வேண்டும் என்று.

மறுநாள் நோன்பிருந்தவர்களைவிட நான்தான் வாடிப்போயிருந்தேன். சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பதில் தந்தி வந்தது: கவர் கைக்கு வந்துவிட்டது. அப்பாடா, போன உயிர் திரும்பியது.

விவரமெல்லாம் பெருநாளன்று ஏஜெண்டின் கடிதத்தில் வந்தது. வேலூர், ஆற்காடு, திருப்பத்தூர் கவர்களோடு என் கவரும் ஒரு குவியலில் கிடந்ததாம். யாரும் பிரிக்கவே இல்லை. நான்கு நாள் பழைய கவர்கள்கூட அதில் இருந்தனவாம். அடப்பாவிகளா, இதற்கா நான் ரயிலுக்கு முந்தி ஓடினேன் என்று கோபம் வந்தது. அடுத்த வரியில் கோபம் போய்விட்டது. உதவியாசிரியர் வெட்கப்பட்டு, "வெளியூர்க் கவர் பிரிக்க ஆளில்லை. அந்த ஆம்பூர்ப் பிள்ளையை உடனே வரச் சொல்லும்" என்றாராம்.

கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

"பி.ஏ. படிச்சது கவர் கிழிக்கவாடா?"

"ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு அன்றைய வண்டிக்கே கிளம்பினேன். அங்கே வேறு ஆள் வைப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே.