மொட்டைமாடியில் ஒரு படகு

தொண்ணூறுகளில் நாங்கள் புனேயை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கும் தாபோடியில் குடியிருந்தபோது, மேல்வீட்டுத் தூத்துக்குடிக்காரர் மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிய கன்னம், காதில் எப்போதும் ஒரு பென்சில். மேஜையோ கதவோ, பக்கத்தில் இருக்கும் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அக்கம்பக்கத்து மராட்டியர்களுக்கு அவர் ‘கேப்டன் சாஹேப்’.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டிய ஒருவர் அரசியலில் இறங்கி மந்திரியான கதையை எங்கோ படித்திருந்தார். அதை நம்பித் தானும் கார்ப்பரேஷன் தேர்தலில் நின்றார். படகுச் சின்னம் கேட்டார். தையல் மெஷின் கிடைத்தது.

“அண்ணாச்சி, இது படி வழியா இறங்காதே?” என்று ஒருநாள் கேட்டேன்.

படகைத் தட்டினார். “ஜெயிச்சா கார்ப்பரேசன் கிரேன் வரும்லா? நேரே ஆத்துல இறக்கிர வேண்டியதுதான்.”

தோற்றுப்போனார். ஆறுதல் சொல்லப் போனேன். அவர் மாடியில் துடுப்பு செதுக்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த அவர் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

“நானே அவுகளுக்கு ஓட்டுப் போடல தம்பி. ஜெயிச்சா அதுல ஏறிருவாக. அவுகளுக்கு நீச்சல் தெரியாது.”

நான் அவருக்குத்தான் போட்டிருந்தேன். அதை அந்த அம்மாளிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.