ரெஜினா கேட்ட தண்ணீர்

மிஸி ரெஜினாவுக்குக் கடைசிவரை ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத கல்நெஞ்சக்காரி என்று எங்கள் ஊரான பெக்கான் நானாஸில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அதைத் திருத்த விரும்புகிறேன். கொடுத்தேன். தினமும் அளந்து கொடுத்தேன். அளவுக்கு மேல் கேட்டபோது மறுத்தேன். மறுக்கச் சொன்னவர் அவரே.

செய்தி வந்த காலையிலும் அவருடைய பங்கைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர் மதியத்திற்குள் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவருடைய மகன் தொலைபேசியில், "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றான். ஊற்றிய தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

எங்கள் பழக்கம் ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. ஆசிரியையாக இருந்த காலத்தில் நான் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்க மாட்டேன். பாடத்தின் நடுவில் கழிப்பறைக்குப் போவது அழகல்ல என்று கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் எங்களைப் பழக்கியிருந்தார்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. வெட்கத்தில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் முதுகுவலியும் நடுக்கமும் காய்ச்சலுமாகப் படுத்தேன். கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. அந்த வார்டின் தாதி ரெஜினா. தாதியரை இங்கே மிஸி என்போம்; அவர் எல்லாருக்கும் மிஸி.

"என்ன டீச்சர், ஒண்ணுக்குப் போக பெர்மிஷன் கேக்கணுமா? யார்கிட்ட, போப்பாண்டவர்கிட்டயா?" என்று வார்டே கேட்கும்படி சொன்னார். பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெண்மணி எதுவும் புரியாமலே சிரித்தார். என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கட்டிலருகே வைத்த தண்ணீர் ஜாடி காலியாகும்வரை ரெஜினா நகரவில்லை. கோபத்தோடுதான் குடித்தேன்.

பிறகு அவர் என் அடுத்த வீட்டுக்கே குடிவந்தார். என் கணவர் இறந்தபின் இரவுச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒரே மேசையில்தான்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது. டயாலிசிஸ் தொடங்கியது. சிறுநீர் நின்றுவிட்டவர் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கி நுரையீரலை அடைக்கும். எத்தனையோ நோயாளிகளுக்கு இதைச் சொன்னவர் அவர். முதல் சிகிச்சை முடிந்து வந்த அன்று தம்முடைய எவர்சில்வர் டம்ளரை என் கையில் வைத்தார்.

"டீச்சர், இது உங்ககிட்ட இருக்கட்டும். அளவை நீங்க பாத்துக்குங்க. நான் கெஞ்சுவேன், திட்டுவேன். காதுல வாங்காதீங்க. எனக்கு நானே மிஸியா இருக்க முடியாது."

சொன்னபடியே கெஞ்சினார்.

"இன்னும் அரை டம்ளர் லா, டீச்சர்."

"இன்னைக்கு முடிஞ்சது, ரெஜினா."

"ஜப்பான்காரனே தேவலாம்!"

யுத்தகாலத்தில் மலாயாவைப் பிடித்து ஆட்டிவைத்த ஜப்பான்காரன்கூட என்னைவிட மேலாம். ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு என்னை முறைப்பார். பிறகு இருவரும் சிரிப்போம். அது எங்கள் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

டயாலிசிஸ் மையத்தில் அவருடைய எடை ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஏறியிருந்தது. "எவ்வளவு குடிச்சீங்க, மிஸி?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். "டீச்சரைக் கேளு. அவங்கதான் அளந்து ஊத்துறாங்க" என்றார் ரெஜினா. நான் சாட்சி சொன்னேன். அதோடு விடவில்லை. அடுத்த முறை என் வீட்டு எடை இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அவர்களுடையது பழுது என்று வாதாடினேன். இரண்டும் ஒரே எடையைக் காட்டின. அப்போதும் இரண்டு இயந்திரங்களையும் சந்தேகித்தேனே தவிர அவரைச் சந்தேகிக்கவில்லை. ரெஜினா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்திற்கு முந்தைய ஜெபத்தில் மாதர் சங்கத்துப் பெண்கள் இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாவம் மிஸி. டீச்சரு தண்ணியே குடுக்க மாட்டேங்குறாங்கன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சாங்க லா."

"அதான் டீச்சர் சாயங்காலப் பூசைக்குப் போற நேரமாப் பாத்து நாங்க ரோஸ் சிராப் தண்ணி கரைச்சுக் கொண்டு போவோம். மடமடன்னு குடிப்பாங்க."

மாதர் சங்கத்துப் பெண்களே, அவரைக் கொன்றது உங்கள் சிராப் என்று நான் சொல்லவில்லை. இதயம் நின்றது என்றுதான் டாக்டர் சொன்னார். நீங்கள் இரங்கியது எனக்குப் புரிகிறது. அவர் குடித்ததும் புரிகிறது. அந்தத் தாகத்தைத் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் நான். தாமே கொடுத்த வேலையைச் செய்தவளை ஊரார் முன் கொடுமைக்காரியாக்கி, அவளையே தமக்குச் சாட்சியாகவும் நிறுத்தினாரே, அதுதான் புரியவில்லை. டம்ளரைக் கொடுத்தபோது சொன்னதை உங்களில் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

அந்த டம்ளர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மகன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அன்று வார்டில் அவர் கட்டளையிட்டபடி அதில்தான் நிறையத் தண்ணீர் குடிக்கிறேன். இப்போது எதையும் அடக்கிவைப்பதில்லை. என் சிறுநீரகங்கள் இந்த வயதிலும் நன்றாக இருப்பது அவரால்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

சிராப் கொண்டு போனவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்னைப் பற்றி அப்படிச் சொன்னபோது ரெஜினா சிரித்தாரா? ஜப்பான்காரனைப் பற்றி ஏதாவது சொன்னாரா? தொலைபேசியில் வேண்டாம், எனக்குப் பிடித்ததை மட்டும் காதில் வாங்கிக்கொள்வேன். என் முகவரி தேவாலயப் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும், தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.