கெண்டைக்காலில் ஒரு மைப்புள்ளி

குளச்சலில் பைக்கிலிருந்து விழுந்ததில், கணுக்காலுக்கு மேலே சதை பிய்ந்து எலும்பு வெளியே தெரிந்தது. முதலில் பார்த்த இரண்டு டாக்டர்களும் காலை எடுத்துவிடலாம் என்றார்கள். மூன்றாவதாக வந்த பிளாஸ்டிக் சர்ஜன் ஒல்லியான மனிதர், காதில் பேனா செருகியிருப்பார். கெண்டைக்காலின் தோலை, அதற்கு ரத்தம் கொடுக்கும் நூல் போன்ற குழாய் அறுந்துவிடாமல் திருப்பி வைத்து எலும்பை மூடலாம் என்றார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை ஒரு சின்னக் கருவியால் அந்தக் குழாயின் துடிப்பைத் தேடி, அங்கே மைப்புள்ளி வைத்தார்.

காலையில் புள்ளியைக் காணோம். கோயிலில் ஜெபித்து வாங்கிய எண்ணெயை அம்மை கால் முழுக்கத் தேய்த்திருந்தாள்.

"தெரியாம அழிச்சுப் போட்டேன் டாக்டரே" என்று அழுதாள்.

"மைதானேம்மா போச்சு? குழாய் அங்கனதான் கிடக்கு."

முதலிலிருந்து தேடினார். அரைமணி நேரம் கழித்துக் கருவி 'உஷ், உஷ்' என்றதும் அம்மையையும் கேட்க வைத்தார். புதுப் புள்ளியின்மேல், என்னைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்வரை, அவள் ஓர் ஈயைக்கூட உட்கார விடவில்லை.

பிறகு தினமும் வந்து, ஒட்டிய தோலை விரலால் அழுத்திவிட்டுச் சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பார். திரும்பும்வரை யாரோடும் பேசமாட்டார்.

இன்றும் செருப்பு மாட்டும்முன் நானும் அழுத்திப் பார்க்கிறேன். திரும்பும்வரை மூச்சு விடுவதில்லை.