மேபல் அக்கா தள்ளிய வண்டி

தி.நகரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் சாமந்தி வளைவுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது மேபல் அக்காவின் மகன் சேவியரின் போன் வந்தது. "மாமா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். கம்பி கையில் இருந்தது. அதை எதற்குப் பிடித்திருந்தேன் என்பது மறந்துபோயிற்று. அந்த நிமிடம் அடையாறிலிருந்து ஆதம்பாக்கம் வரை நின்றிருந்த பழைய வேன்கள் அத்தனையும் ஒரு தடவை இருமியிருக்கும் என்று நம்புகிறேன். அவற்றை விற்கக் காத்திருந்தவர்கள் மட்டும், பாவம், பல வருடங்களுக்குப் பிறகு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

சாந்தோம் மேபல் அக்காவின் கல்யாண கேக்கைத் தின்றவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாதா கோயில் கோபுரத்தைவிட ஒரு சாண் குறைவாக அடுக்குவார். அந்த ஒரு சாணும் கோயிலுக்குக் காட்டிய மரியாதை. அந்தக் கேக்கை ஊரிலுள்ள பள்ளங்களையெல்லாம் தாண்டி, உச்சியில் நிற்கும் சர்க்கரை மாப்பிள்ளையின் மூக்கு உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். புது வண்டிக்கு வசதியில்லாத காலத்தில் பழைய வேன்களைப் பார்த்து வாங்கப் பழகியவர், வசதி வந்த பிறகும் பழையதைத்தான் வாங்கினார். "புதுசு இன்னா பண்ணும்னு யாருக்குத் தெரியும் நைனா? பழசு, பண்ண வேண்டியத எல்லாம் பண்ணி முடிச்சிருக்கும்" என்பார். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் துணைக்குக் கூட்டிப்போவார்கள்.

என் வாழ்க்கை நடுரோட்டில் நின்றபோதுதான் எனக்கு அக்கா தேவைப்பட்டார். நான் மிகைப்படுத்தவில்லை, அடையாறு பாலத்தின் மேல் நிஜமாகவே நின்றது. ஜவுளிக்கடை வேலையை உதறிவிட்டு மேடை அலங்காரத் தொழில் தொடங்கியிருந்தேன். வாடகைக்கு எடுத்த வேன் பாலத்தில் படுத்துவிட, மணமக்கள் உட்கார வேண்டிய சிம்மாசனம் அதற்குள் மாட்டிக்கொண்டது. ரிசப்ஷன் முழுக்க இருவரும் நின்றார்கள். பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்த பார்வையில் வாசலில் கட்டியிருந்த வாழைமரமே வாடியது. சொந்த வண்டி இல்லாமல் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். கையிலிருந்த பணமோ ஒரே ஒரு பழைய வேனுக்குத்தான் போதும். அதுவும் சொதப்பினால் மறுபடி ஜவுளிக்கடையில் புடவை மடிக்க வேண்டியதுதான். அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அதற்குள் ஆதம்பாக்கத்தில் ஒரு வேனிடம் மனதைப் பறிகொடுத்திருந்தேன். வெள்ளை வெளேரென்று, சீட்டில் பிளாஸ்டிக் உறையோடு, தேவலோகத்திலிருந்து இறங்கியதுபோல் நின்றது. அக்கா அதன் அழகை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் போய், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. கழுவுவதற்காகக் கொஞ்சம் நகர்த்தியதாக விற்பவர் சொன்னார். "சூடா கீற இன்ஜின் யாருக்கு வேணா ஸ்டார்ட் ஆவும். நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம், அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பிவிட்டார்.

மறுநாள் விடியும்போதே என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனை திரும்பினால், அந்தத் தேவலோகத்து அழகியை மூன்று பேர் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், விற்பவர் ஸ்டீயரிங்கில். நான் கத்தப் போனேன். அக்கா பையை என் கையில் திணித்தார், முந்தானையை இடுப்பில் செருகினார், நாலாவது ஆளாகப் போய்த் தள்ள ஆரம்பித்தார். எத்தனை ஆயிரம் கேக்குகளுக்கு மாவு அடித்த கைகள்! ஐராவதம் முட்டியதுபோல் வண்டி பாய்ந்தது. மயிலாப்பூர் வரை மறைக்கும் புகையைக் கக்கி உயிர்பெற்றது. வெற்றிக் களிப்போடு இறங்கி வந்தவர், பின்னால் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு நின்ற அக்காவைக் கண்டு சிலையானார்.

"நல்லா ஓடுது தம்பி" என்றார் அக்கா, துளிக் கோபமும் இல்லாமல். "ஆனா நான் தினமும் வர முடியாதே."

அந்த மனிதர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். தோற்ற அரசன் கட்டிய கப்பம் என்றே அதை நான் குடித்தேன்.

கடைசியில் அக்கா தேர்ந்தெடுத்தது மந்தைவெளியில் நின்ற ஓர் அவலட்சணத்தை. அழுகிய கொய்யா நிறம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நசுங்கல். நான் முகம் சுளித்தேன். அக்கா பையிலிருந்து, வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் வேளாங்கண்ணி மாதா காந்தத்தை எடுத்து வண்டியைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தார். "துருவ மறைக்க பட்டி பூசியிருந்தா மாதா நிக்க மாட்டா. மாதா நிக்காத எடத்துல எனக்கு இன்னா வேல?" மாதா எல்லா இடத்திலும் நின்றாள். பானெட் சில்லென்று இருந்தது. ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தார். புகை குப்பென்று அடிக்கவில்லை. பிறகு ஒரு குடம் நிறையத் தண்ணீரோடு பின்னால் ஏறி, வெறும் இரும்புத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"முன் சீட்டுல மெத்தை கீது, விக்கிறவருக்கு வாய் கீது. பின்னாடி ரெண்டும் கெடையாது. இங்க குந்துனா வண்டியே சொல்லும்."

அடையாறு வரை போய்த் திரும்பினோம். வழியில் தவறவிட்ட பள்ளம் ஒன்றுகூட இல்லை. குடத்தை மடியில் அணைத்து, கண்ணை மூடி, கச்சேரி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது புடவையில் கையளவு ஈரம்தான். "வாங்கு" என்றார். அதற்குப் பிறகு என் மணமக்கள் யாரும் நின்றதில்லை. படகுகளே யோசிக்கும் ஐப்பசி மழையில்கூட அந்தக் கொய்யாப்பழம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடக்கத்துக்குச் சவ ஊர்தி பேசியிருந்தார்கள். சேவியர் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தான். "அம்மா பாத்து எடுத்த வண்டிலயே போவட்டும் மாமா." முதல்நாள் இரவிலிருந்து அந்த வீட்டு வாசலிலேயே நின்ற வண்டி. கையிலிருந்த அத்தனை பூவையும் அதன் மேல் போர்த்தினேன். என் வாழ்நாளில் ஒரு சாவிக்கு நான் அப்படிப் பயந்ததில்லை. பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. ஒரே திருப்பு.

அக்காவிடமிருந்து எனக்குத் தங்கியது அந்த உள்ளங்கைதான். பளபளப்பில் நான் வாய் பிளக்கும்போதெல்லாம் அது எனக்கு முன்னால் நீண்டுவிடுகிறது.

ஸ்டீயரிங்கைச் சேவியரிடம் கொடுத்துவிட்டு, பின்னால் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கல்லறைத் தோட்டம் வரைக்கும் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வழி நெடுக அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை.