பயில்வானின் சட்டை அளவு

புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். இந்த ஒட்டடைக் குச்சிக்கா பயில்வான் என்று பேர் வைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான், எழுத்தில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தையலில் பிசகு இருந்தால் சொல்லுங்கள். இருக்காது.

அடுத்தவன் கடையில் பட்டன் கட்டித் தொழிலுக்கு வந்தவன். இன்றைக்கு என் பேரில் கடை, நாலு மெஷின். யார் காலையும் பிடித்து வந்ததில்லை. ஒரு ஆளை ஒரு தரம் அளந்தால் போதும், அப்புறம் அவன் அளவு சாகிற வரைக்கும் என் தலைக்குள் இருக்கும். நோட்டுப் போட்டு எழுதுகிற டெய்லர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பயில்வான் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். ரெண்டு பேர் சேர்ந்து புரட்டுகிற மூட்டையை ஒண்டியாய் முதுகில் ஏற்றுவான். அந்தக் கழுத்துக்கு ரெடிமேடில் காலர் கிடையாது. அதனால் வருஷா வருஷம் என்னிடம்தான் வருவான். என் கடை வாசல் குறுகல், ஒரு ஓரத்தை இஸ்திரி மேசை வேறு அடைத்துக்கொண்டிருக்கும். அவன் ஒரு தோளை முன்னால் விட்டு, பக்கவாட்டில்தான் உள்ளே நுழைவான். நான் ஸ்டூலைப் பின்னால் இழுத்து வழி விடுவேன்.

"வாசலையும் கொஞ்சம் பிரிச்சுத் தைக்கக் கூடாதா மாஸ்டர்?"

"வாசல் சரியாத்தான் இருக்கு. நீதான் ரெண்டாளு துணி கேக்குற."

இப்படித்தான் எங்கள் பேச்சு இருக்கும்.

ஒரு தடவை அவன் சம்சாரம் நான் தைத்த புதுச் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். லாட்ஜில் ரூம் கூட்டுகிற பெண், வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். சட்டை தொளதொளவென்று நிற்கிறதாம், அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டதா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. துணி இளகுகிற ஜாதி என்று ஏதோ சொல்லி, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ரெண்டு மாசம் போயிருக்கும், அதே சட்டை திரும்பி வந்தது. மறுபடியும் பிடித்தேன். இந்தத் தடவை வாஷிங் சோப்பைத் திட்டினேன்.

அப்புறம் அடுத்த சட்டை தைத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாய் வந்துவிட்டார்கள். கடையில் நாலு பேர் இருந்தார்கள். பயில்வான் பானையிலிருந்து சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடித்தான். மூட்டை தூக்குகிறவனுக்குத் தாகம் எடுக்காதா என்று நினைத்துக்கொண்டேன். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, மாஸ்டர் கை போய்விட்டது என்றான்.

என்னைப் பார்த்து அந்த வார்த்தை.

டேப்பை எடுத்து அவன் மார்பைச் சுற்றினேன். அளவு ரொம்பக் குறைச்சலாக வந்தது. அவன் சிரித்தான், உங்க டேப் இழுபட்டுப் போச்சு என்றான். பழைய டேப் இழுபட்டால் அளவு குறைச்சுத்தான் காட்டும், அவன் சொன்னது நியாயம். அவன் சம்சாரமும் தலையாட்டினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. டிராயரிலிருந்து புது டேப்பைப் பிரித்தேன். அதுவும் அதையே சொன்னது. இது டூப்ளிகேட் என்றான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவனுக்குக் கச்சிதமாய் இருந்த, நான் முன்னே தைத்த பழைய சட்டை ஒன்றைக் கொண்டா என்று அவளை வீட்டுக்கு விரட்டினேன். கொண்டுவந்தாள். பழசைக் கட்டிங் மேசையில் விரித்து, அதன்மேல் புதுசைப் போட்டேன். காலருக்குக் காலர், தோளுக்குத் தோள், நூல் பிசகவில்லை. மேசையை ஒரு தட்டுத் தட்டினேன்.

"இப்ப சொல்லு. என் வெட்டு தப்பா?"

"இல்லண்ணே. சரியாத்தான் இருக்கு" என்றாள்.

சொன்னவள் கையைச் சட்டையிலிருந்து எடுக்கவில்லை. மெதுவாய் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. கழுத்துக்குக் கீழே ரெண்டு குழி. தோள் எலும்பு தனியாய்த் துருத்திக்கொண்டு நின்றது. நேற்றைக்கும் அதே எலும்புதானே இருந்திருக்கும்?

அவனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"ஏன் ரெண்டு பேரும் என்னப் பாக்குறீங்க? சட்டையப் பாருங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னாள். சட்டை லூசானால் ஆஸ்பத்திரிக்கா போவார்கள் என்று அவன் கேலி செய்தான். அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. நின்றுநின்று காய்த்த காலோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தெனமும் பக்கத்துலதான்ணே படுக்குறேன். எனக்கே தெரியலையே."

பயில்வானை எனக்குத் தெரியும், ஓசி என்றால் விடமாட்டான். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லட்டும், உன் ஆயுசுக்கும் சும்மா தைத்துத் தருகிறேன் என்று பந்தயம் கட்டினேன். மறுநாளே போய்விட்டான்.

பந்தயத்தில் ஜெயித்தது நான். சர்க்கரை எக்கச்சக்கமாய் ஏறி, உடம்பு தன்னையே தின்றுகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூட்டைக்கு அடியிலேயே விழுந்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். எத்தனையோ வாக்குவாதத்தில் ஜெயித்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஊசி, மாத்திரை என்று ஆள் தேறிவிட்டான். போன சதை போனதுதான். இப்போது மார்க்கெட்டில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டைக்கு எடை சொல்கிறான். சாயங்காலம் ஆனால் அதற்கே அசந்துபோகிறான். எனக்கும் பெடல் மிதித்த முட்டி ராத்திரியெல்லாம் குடைகிறது. யார் வந்தாலும் டேப் போட்டுத்தான் வெட்டுகிறேன். கை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கை அப்படியேதான் இருக்கிறது. பயில்வான் துணியை விரித்தால், அது பழைய அளவில்தான் கோடு போடுகிறது. அழித்துவிட்டுப் போடுகிறேன்.

போன வாரமும் வந்தான். வாசலில் இப்போது ரெண்டு பயில்வான் ஜோடியாய் நுழையலாம். அவன் தோளை முன்னால் விட்டு, பக்கவாட்டில் திரும்பி, இஸ்திரி மேசையில் இடிக்காமல் பதனமாய் உள்ளே வந்தான்.

அவன் வந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், நான் ஸ்டூலைப் பின்னால் இழுத்திருந்தேன்.