காட்டுக்குப் போன பாய்ச்சீலை

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, யாரும் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கியதில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் காட்டில் என்ன வேலை? நாங்கள் அறிந்த பெரிய மரம் பாய்மரம்தான். அப்படியிருந்தும் எனக்கு எட்டு வயதானபோது, ஒரு மே மாத விடுமுறையில், அப்பா எங்களை ஒரு வாடகை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு பாபநாசத்துக்கு மேலே இருக்கும் புலிகள் சரணாலயத்துக்குப் புறப்பட்டார். புலி பார்க்கிற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. அம்மாவை இரண்டு நாளாவது கடலிடமிருந்து பிரித்துவைக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

காரணம் மாமா. அம்மாவுடைய ஒரே தம்பி. தோணியை நடத்திக்கொண்டு போகிற தண்டல் வேலை அவருக்கு. கார்த்திகை மாதம் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன அவருடைய தோணி அங்கே போய்ச் சேரவில்லை. இங்கே திரும்பியும் வரவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு கறுப்பு உடுத்தி, இறந்தவர்களுக்கான பூசையும் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வைக்கவில்லை. அம்மா விடவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்து இறந்தவரைக் கடைசியாக முத்தி செய்வார்கள். நெற்றியில் ஒரு முத்தம், அவ்வளவுதான். அதன் பிறகுதான் பூசை, கல்லறை எல்லாம். அம்மா இதையே பிடித்துக்கொண்டாள்.

“முகத்தக் கண்ணால பாக்கல. நெத்தியில ஒரு முத்தி செய்யல. அப்படியே எப்படிப் பூசை வைக்கச் சொல்லுதிய?”

பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து எடுத்துச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. சாயங்காலம் ஆனால் கரைக்குப் போய் நின்றுவிடுவாள். சாப்பாடு குறைந்தது. பேச்சு அதைவிடக் குறைந்தது. எனக்குச் சடை பின்னும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டுக் கடல் பக்கம் காதைக் கொடுப்பாள். நான் பாதிச் சடையோடு உட்கார்ந்திருப்பேன். பாவம் என்று தோன்றியதா என்றால் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று கோபம்தான் வந்தது.

கடல் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துக் கொஞ்ச நாள் கூட்டிப்போங்கள் என்று வைத்தியர் சொன்னார். அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது: அப்படி ஓர் இடமே எங்களுக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் பெரியதாழையில் இருந்தார்கள். அங்கே அலை வாசலில் அடிக்கும். நேர்ந்துகொண்டு போகிற கோயில்களும் கடற்கரையிலேயே இருந்தன. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஒவ்வொரு கோயில் பெயராகச் சொல்ல, அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். கடைசியில் புதுத் துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவர், தன் மைத்துனர் காட்டில் காவலராக இருக்கிறார், இரண்டு நாள் தங்க வழி செய்து தருவார் என்றார். அப்பா ஒப்புக்கொண்டார்.

துறைமுக வேலைக்குப் போவதற்கு முன் அப்பாவும் தோணிக்காரர்தான். அதனால் காட்டுப் பயணத்துக்கும் கடல் பயணத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. வண்டியில் கப்பி ஏறியது, வடம் ஏறியது, சின்ன நங்கூரம் ஒன்று ஏறியது. அருவியும் ஆறும் பாய்கிற மலைக்கு ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீரும் ஏறியது. அத்தை தன் பங்குக்கு ஒரு ஓலைப்பெட்டி கருவாடும், புலி வந்தால் தெளிக்க ஒரு சீசா தீர்த்தமும் எடுத்துக்கொண்டாள். கூடாரத்துக்கு, வீட்டுப் பின்கட்டில் மாதக்கணக்காக மடித்துக் கிடந்த பழைய தோணிப் பாய்ச்சீலை ஒன்றை அப்பா இழுத்து வந்து வண்டியின் அடியில் திணித்தார்.

வண்டியை அப்பாவே ஓட்டினார். திருநெல்வேலி தாண்டியதும் வழி சந்தேகம் வந்துவிட்டது. வயலில் நின்ற ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, “அண்ணாச்சி, கச்சான் பக்கமாத் திரும்பணுமா, வாடை பாத்தே போகணுமா?” என்று காற்றின் பெயரைச் சொல்லித் திசை கேட்டார். அந்த மனிதர் அப்பாவையும் வண்டிக்குள் இருந்த நங்கூரத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“எந்த ஊருக்குப் போறிய?”

“புலி இருக்க ஊருக்கு” என்றாள் அத்தை, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே. அவர் மேற்கே கையைக் காட்டினார்.

அம்மா ஜன்னலோரம் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் மடியில் சாய்ந்திருந்தேன். இருபக்கமும் வயல், வாழை, மறுபடி வயல். இவ்வளவு பச்சையை நான் கண்டதில்லை. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது எதிரே வானம் வரை நீலமாக ஏதோ நின்றது. கடல்தான் எழுந்து நிற்கிறது, நமக்கு முன்னால் வந்துவிட்டது என்று நினைத்து அம்மாவின் கையைப் பிடித்தேன். “அது மலை, ஏளா” என்று அத்தை சொன்ன பிறகும் வெகுநேரம் நம்பவில்லை. பக்கத்தில் போகப்போக நீலம் கரைந்து பச்சையானது. காற்று குளிர்ந்தது. அம்மா முக்காட்டை எடுத்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். அதைக் கண்ணாடியில் கவனித்த அப்பா மெல்லச் சீட்டியடித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சீட்டியடித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காவலர் ஒல்லியான, சிரித்த முகமுள்ள மனிதர். ஓடைக்கரையில், தன் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே இடம் காட்டினார். அப்பா இரண்டு மரங்களுக்கு நடுவே வடத்தைக் கட்டி, கப்பியில் சீலையை ஏற்றினார். காட்டுக்கு நடுவே ஒரு பாய் விரிந்து காற்றில் புடைத்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். நாங்கள் இருந்த மலையே நகரப்போகிறது என்று கத்திக்கொண்டு சுற்றிச்சுற்றி ஓடினேன்.

அப்படி ஓடும்போதுதான் கண்டேன், சீலையின் ஓரத்தில் நீலத்தில் ஒரு ஒட்டு. என்னுடைய பழைய பாவாடைத் துணி. முந்தின வருஷம் மாமா எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கிழிசலைத் தைத்தபோது ஒட்டுப்போடத் துணி கேட்டார். அம்மா உள்ளே போய் என் பாவாடையைக் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தாள். நான் அழுதேன். “ஒம் பாவாடையக் கொழும்பு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன், போதுமா?” என்று மாமா சமாதானம் சொன்னார். பிறகு அவருடைய தோணிக்குப் புதுச்சீலை வந்ததும் இது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

“அம்மா, இங்க பாரு! இது மாமாவோட பாய்! என் பாவாடை!”

நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்ற பெருமையில் சொன்னேன். அப்பாவின் கையில் இருந்த கயிறு அப்படியே நின்றது. அவருக்குச் சீலை என்றால் சீலை. எந்தத் தோணிச் சீலை என்று அவர் யோசிக்கவே இல்லை. கடலை மறக்கடிக்க இத்தனை தூரம் கூட்டி வந்துவிட்டு, மறக்கவே விடாத ஒன்றையும் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அம்மா அந்த ஒட்டைப் பார்த்தாள். தொடவில்லை. திரும்பி நடந்து வேனில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா ஜன்னலருகே போய் நின்றார்.

“நான் வேணும்னு செய்யலளா. அவுத்துப் போட்டுருதேன். இறங்கி வா.”

அம்மா ஜன்னலையும் சாத்திக்கொண்டாள். சோறு கொண்டுபோன அத்தையும் சோற்றோடு திரும்பி வந்தாள். மரங்களுக்குள் காற்று புகுந்து இரைந்தது. கண்ணை மூடினால் அசல் அலைச்சத்தம். இதைக் கேட்கக் கூடாதென்றுதானே வந்தோம் என்று அப்பா தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னால்தான் எல்லாம் கெட்டது என்று எனக்குத் தெரிந்தது. என்ன கெட்டது என்று மட்டும் தெரியவில்லை. அத்தையின் சேலைக்குள் முகத்தை வைத்து அழுதபடியே தூங்கிப்போனேன்.

விடிந்தும் விடியாத வேளையில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். கூடாரத்தின் ஒரு பக்கம் உள்நோக்கி அசைந்து அசைந்து கொடுத்தது. அத்தை தீர்த்தச் சீசாவைத் திறந்து, அந்தப் பக்கத்துக்கும் எனக்கும் சேர்த்துத் தெளித்தாள். நான் துணியின் அடியில் தலையை நீட்டிப் பார்த்தேன்.

வெளியே முழுக்க மூடுபனி. ஓடையைக் காணோம், மலையைக் காணோம். அந்த வெள்ளைக்குள் இரண்டு மிளா நின்றன. மான் இனம்தான், ஆனால் மாட்டளவு உயரம். ஈரமான கரிய மூக்கு. ஒன்று சீலையின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், கன்றை நக்குகிற பசுவைப் போல, கண்ணைப் பாதி மூடி நக்கியது. பனிக்குள்ளிருந்து மூன்றாவதாக ஒன்று வந்து அதன் பக்கத்தில் சேர்ந்துகொண்டது. நான் மூச்சுக்கூட விடவில்லை. இன்னும் கனவுக்குள்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

அப்பா பின்பக்கமாக வெளியே போய் ஒரு கம்பை எடுத்துவிட்டார். அப்போது குடியிருப்பிலிருந்து வந்த காவலர் அவர் தோளைத் தொட்டார்.

“உப்பு, அண்ணாச்சி” என்றார் தாழ்ந்த குரலில். “வருசக்கணக்காக் கடத்தண்ணி குடிச்ச துணில்லா? இதுக உப்புக்கு அலையும். நீங்க கூடாரமா கொண்டு வந்தீய? உப்புக்கட்டியில்லா கொண்டு வந்திருக்கிய.”

“கிழிச்சிரும்” என்று அப்பா கம்பை ஓங்கினார்.

“வெரட்டாதிய.”

அம்மாவின் குரல். வேனிலிருந்து இறங்கி, செருப்பில்லாமல் ஈரப்புல்லில் நின்றிருந்தாள்.

“வெரட்டாதிய. நக்கட்டும்.”

அப்பா கம்பைக் கீழே போட்டார். பிறகு யாரும் அசையவில்லை. மிளாக்கள் நக்கிக்கொண்டேயிருந்தன. நாக்குப் பட்ட இடமெல்லாம் துணி நனைந்து கறுத்தது. நீல ஒட்டையும் அவை விடவில்லை. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக நக்கின. பனி விலகி மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் பெரிய மிளா தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. தும்மியது. மூன்றும் திரும்பி, அவசரப்படாமல் நடந்து காட்டுக்குள் போயின.

அம்மா சீலைக்குப் பக்கத்தில் வந்தாள். அந்த நீல ஒட்டை இரண்டு கையாலும் ஏந்தினாள். குனிந்து அதைத் தன் வாயோடு சேர்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். அத்தை சட்டென்று முக்காடு போட்டுச் சிலுவை வரைந்தாள். அப்பா வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். எனக்கு மட்டும் கேட்கத் தோன்றிய கேள்வி ஒன்றுதான்.

“இன்னும் உப்பு இருக்காம்மா?”

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

“இருக்குளா” என்றாள். பிறகு அப்பாவிடம், “ஊருக்குப் போனதும் சாமியார்ட்ட சொல்லிருங்க. தம்பிக்குப் பூசை வச்சிருவோம்” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கறுப்புச் சேலை உடுத்தினாள். பூசை முடிந்து வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், நன்றாக அழுதாள், சாப்பிட்டாள். மறுநாள் காலையில் என் சடை முழுதாகப் பின்னி முடிந்தது.

காட்டில் புலி பார்த்தாயா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். புலி என்ன பெரிய புலி, மிளா எங்கள் கூடாரத்தையே தின்னப் பார்த்தது, அதைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மாவும் அதே மாதிரி உப்பு ருசி பார்த்தாள் என்று சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிலிருந்து வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், அம்மா எப்படிக் கண்ணை மூடி ருசி பார்த்தாள் என்று நடித்தே காட்டுவேன். பல வருஷம் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். ஒரு தடவைகூட என்னைத் திருத்தியதில்லை.